மகன் வரும் காட்சி

கல்லடிப் பாலத்து ஆமிச் சோதனைச் சென்றியை நெருங்கும்போதே நல்லரத்தினம் சட்டைப்பையிலிருந்து கல்யாணக் கார்ட்டை எடுத்துப் பிடித்துக்கொள்வார். தோளில் வீடியோ கமரா. "வெடிங், சேர்," என்பார். ஆமிக்காரன் கார்ட்டைப் புரட்டிப் பார்ப்பான். திகதி இருக்கவேண்டிய இடத்தில் மஞ்சள் அப்பியிருக்கும். அந்தக் கல்யாணத் தம்பதிக்குப் பிள்ளையே பிறந்துவிட்டது. நல்லரத்தினம் இன்னும் அந்தக் கல்யாணத்துக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறார்.

உண்மையில் அவர் போவது செட்டிபாளையத்துக்கு, குறும்படம் எடுக்க. கல்யாணவீடும் சாமத்தியவீடும் வீடியோ பிடித்துப் பிழைக்கிற மனிதருக்கு, இந்தத் தொண்ணூற்றாறாம் ஆண்டில் இப்படியொரு ஆசை எங்கிருந்து தொற்றியதோ தெரியாது. மோட்டார் சைக்கிளை விற்றுக் கசெற் வாங்கினார். மனைவி அன்னப்பூரணி சில நாள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு மனம் கேட்காமல், "என்ன கதையெண்டாவது சொல்லுங்களன்," என்றார்.

"ஒரு பொடியன் வீட்ட வாறான்."

"மறுகா?"

"மறுகா ஒண்டுமில்ல. வாறதுதான் கதை."

 அன்றைக்குத்தான் அன்னப்பூரணி மறுபடி அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தார்.

படம் பிடிக்குமுன் மற்றவர்கள் கமராவைப் பார்ப்பார்கள்; இவர் வானத்தைப் பார்ப்பார். ஹெலிச் சத்தம் ஓயும்வரை வெற்றிலையை மென்றபடி மணலில் குந்தியிருப்பார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தால் பொல்லாத கோபம் வரும். "சிரிக்கிறதுக்கு இது என்ன கல்யாணவீடா?" என்று பாய்ந்துவிட்டு, பிறகு அவரே தேத்தண்ணிக்குச் சொல்லுவார்.

மகனாக நடிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. கசெற் யார் கையில் சிக்குமோ, முகத்தை யார் அடையாளம் வைப்பார்களோ என்று பொடியன்மார் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். நல்லரத்தினம் ஒருவரையும் நோகவில்லை. "அவனுகள் சொல்றதும் சரிதானே," என்றார். மகனின் முதுகை மட்டும் காட்டுவதென்று முடிவாயிற்று. "முதுகில வயசு தெரியாதுதானே," என்று சொல்லி, நரைத்த மீசையோடு தானே மகனாகிவிட்டார். கமராவைப் படலையோரம் முக்காலியில் நிறுத்தி ஓடவிட்டு, அதைத் தாண்டி வீட்டை நோக்கி நடப்பார்.

தாயாக நிற்பவர் புஸ்பம். வீடும் அவருடையது. அவருடைய ஒரே மகன் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்டுப் போனவன், திரும்பவில்லை. தாயாக நிற்கச் சொல்லி அவரிடம் போய்க் கேட்க நல்லரத்தினத்துக்கு நா எழவில்லை. புஸ்பம்தான் தானாக வந்து, "நான் நிக்கட்டா தம்பி?" என்று கேட்டார்.

இன்று கடைசிக் காட்சி. வாவிப் பக்கம் வெயில் சாய்ந்துவிட்டது. ஊரடங்குக்கு முன் பாலத்தைத் தாண்டவேண்டும். கசெற்றும் முடிகிற கட்டம். முதல் தடவை புஸ்பம் கமராவைப் பார்த்துவிட்டார். "என்னப் பாருங்க அக்கா, கமராவப் பாராதங்க." அடுத்த தடவை ஹெலி வந்து கெடுத்தது. மறுபடியும் நல்லரத்தினம் படலையைத் திறந்து நடந்தார். "அம்மா," என்றார்.

"வந்திட்டியா?" என்பதுதான் புஸ்பத்துக்குச் சொல்லிக் கொடுத்திருந்த வசனம். அதை அவர் சொல்லவில்லை. இரண்டு கையாலும் நல்லரத்தினத்தின் முகத்தைப் பிடித்தார்.

"எங்க மனே போனாய்? தின்னக் குடுத்தாங்களா?"

 முதுகு குலுங்கினால் படத்தில் தெரியுமே என்று நல்லரத்தினம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். புஸ்பத்திடம் கேட்க அன்றைக்கு நா எழாமற்போனது எதற்கென்று அப்போதுதான் அவருக்கு முழுதாக விளங்கியது. மெல்ல அவருடைய கைகளை விலக்கிவிட்டுப் போய்க் கமராவைப் பார்த்தார். காட்சி பதிவாகியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பட்டரி செத்து, சிவப்பு வெளிச்சம் அணைந்தது.

"முடிஞ்சுது அக்கா. நல்லா வந்திரிக்கு."

புஸ்பம் வாசலை விட்டு அசையவில்லை. "தம்பி, இன்னொருக்கா வாவன்."

நல்லரத்தினம் அணைந்த கமராவைப் பார்த்தார். இருட்டிக்கொண்டு வரும் பாதையையும் பார்த்தார். வெளியே போய்ப் படலையைச் சாத்தினார். சற்று நின்று, அதைத் திறந்துகொண்டு, "அம்மா," என்று கூப்பிட்டபடி உள்ளே வந்தார்.