விண்கலத்தில் மூன்று பொட்டு

டிவியில் வந்த எங்கள் தொடரின் அந்த எபிசோடில் விண்கலத்தின் பேனல்மேல் மூன்று குங்குமப் பொட்டுகள் தெரியும். கவனக்குறைவு என்று சிலர் கிண்டலடித்தார்கள். இயக்குநர் வைத்த ஆழமான குறியீடு என்று ஒருவர் நீளமாகக் கட்டுரையே எழுதிவிட்டார். அதைப் படித்துவிட்டு நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவை எப்படி அங்கே வந்தன, ஏன் அழியாமல் நின்றன என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

எனக்குக் கருங்குழி. தாத்தா காலம்வரை எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கியவர்கள். அப்பா ஜிஎஸ்டி ரோட்டோரப் பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் அடித்தார். நான் பதினோரு வருடம் கலை இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தேன். அவர்கள் நினைத்ததை நான் செய்வேன், பெயர் அவர்களுடையது வரும். இந்த அறிவியல் புனைகதைத் தொடரில்தான் முதன்முறையாக ஒரு எபிசோடு முழுக்க என் பொறுப்பு. 'கலை இயக்கம்' என்று போட்டு, அதன் கீழே என் பெயர் மட்டும் தனியாக வரும் என்றார்கள். அம்மா மறு ஞாயிறே சர்ச்சில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். சர்ச்சில் சொன்ன பிறகு அது வந்தே ஆகவேண்டும்.

கதை இதுதான். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரம் ஒரு விண்கலம் விழுந்துவிடுகிறது. உள்ளே உயிரோடு இருப்பது ஒரு பெண் என்ஜினியர் மட்டும். கையில் கிடைத்ததை வைத்துப் பழுது பார்த்து, கலத்தை மறுபடி கிளப்புகிறாள். புதுப்பட்டினத்துக்குப் பக்கத்தில், பூட்டிக் கிடந்த இறால் குஞ்சுப் பண்ணையின் கொட்டகையை அதற்காக வாடகைக்குப் பிடித்தோம். கடல் காற்றில் பெயிண்ட் காயவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

கலத்தைக் கட்டியவர் எங்கள் செட் கார்பென்டர். அச்சரப்பாக்கத்துக்காரர், விவசாயக் குடும்பம். டிராக்டர் டிரெய்லருக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்தவர், பிறகு செட் வேலைக்கு வந்தார். நான் அவரை அண்ணாத்த என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார். பிளைவுட், அலுமினியத் தகடு, பழைய வாஷிங் மெஷின் கதவு ஆகியவற்றை வைத்தே கலத்தை நிமிர்த்திவிட்டார். மெயின் பேனலின் நடுவே நான் ஒரு போர்வெல் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பொருத்தச் சொன்னேன். பச்சை பட்டன், சிவப்பு பட்டன், அமுக்கினால் டடக் என்று சத்தம். அவர் அதை முறுக்கிக்கொண்டே, "ராக்கெட்டு மேல போவுதோ இல்லியோ தங்கச்சி, தண்ணி கண்டிப்பா வரும்" என்றார்.

முதல் நாள் காலையில் பூஜை. எந்த யூனிட்டிலும் இது உண்டு. கேமரா, லைட், டிராலி, ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைப்பார்கள். செட்டில் இருக்கும் சாமானுக்கு வைத்தால், ஷாட்டுக்கு முன்னால் துடைத்துவிட வேண்டும். இது எழுதாத சட்டம். அண்ணாத்த பேனலில் இரண்டு பொட்டு வைத்துவிட்டு, தட்டை என் பக்கம் நீட்டினார்.

"நீயும் ஒண்ணு வையி."

"எங்க வூட்ல வைக்க மாட்டோம், அண்ணாத்த."

"உங்க வூட்டுக்கா வைக்கச் சொன்னேன்? வண்டிக்கு வையி. நீ வரைஞ்ச வண்டி தான இது?"

ஒரு விஷயத்தை இங்கே சொல்லியே ஆகவேண்டும். அவர் வீட்டைப் போன்ற வீடுகளில் எங்கள் ஆட்களுக்குக் களத்து மேட்டோடு சரி. தட்டை நீட்டும் பழக்கம் கிடையாது. இந்த மனுஷர் யோசிக்காமல் நீட்டினார். நான் பச்சை பட்டனுக்குப் பக்கத்தில் ஒன்று வைத்தேன். கை பழக்கமில்லாததால் கொஞ்சம் கோணலாகிவிட்டது.

அதைத் துடைக்க எல்லோரும் மறந்தோம். ஒன்றரை நாள் ஷூட்டிங் நடந்தது. ஒளிப்பதிவாளர் பார்த்தார், இயக்குநர் பார்த்தார், ஒவ்வொரு ஷாட்டிலும் எது எங்கே இருந்தது என்று குறித்துவைப்பதையே வேலையாகக் கொண்ட உதவி இயக்குநர் பார்த்தார். மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அத்தனை கண்களுக்கும் அந்தப் பொட்டு தெரிந்தது, யாருக்கும் உறுத்தவில்லை. எங்களுக்கு அதற்குள் அந்தக் கலம் பிளைவுட் இல்லை, மெஷின் ஆகிவிட்டது. மெஷின் என்றால் பொட்டு இருக்கும். ரைஸ் மில்லிலும் பஸ்ஸிலும் பிறந்ததிலிருந்து பார்ப்பதை யார் கவனிப்பார்கள்?

கடைசியாக எடுத்தது கலம் கிளம்பும் காட்சி. நடிகை பச்சை பட்டனை அமுக்குகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அமுக்குகிறார். வியர்வை கண்ணில் இறங்க, அதே கையால் நெற்றியைத் துடைக்கிறார். மூன்றாவது தடவை கலம் உறுமுகிறது. மறுநாள் செட்டைப் பிரித்துக் கொட்டகையை ஒப்படைத்துவிட்டோம்.

அடுத்த வாரம் செங்கல்பட்டில் இருந்த எங்கள் ஆபீஸில் உட்கார்ந்து, சேனல் அதிகாரியோடு வீடியோவில் பேசினோம். இயக்குநர், மேனேஜர், எடிட்டர், நான். அதிகாரி எடுத்ததும் கேட்டார்.

"ஸ்பேஸ்ஷிப்ல குங்குமம் எப்படி வந்துச்சு? வெளிநாட்டுல எல்லாம் போகப்போற தொடர் இது. சிரிக்க மாட்டாங்களா? யார் வச்சது?"

மேனேஜர் முந்திக்கொண்டார். "கார்பென்டர் சார். பூஜை போட்டது அவர்தான்."

"அவரை இன்னையோட அனுப்பிடுங்க. உங்க அனுமதி இல்லாம அவரா செஞ்சார்னு நீங்க ஒரு லெட்டர் குடுத்துடுங்க, மேடம். உங்க டைட்டில் கார்டுக்கு ஒரு பிரச்சினையும் வராது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த நான்கு எபிசோடு வேலையை நம்பித்தான் அண்ணாத்த இரண்டு பெரிய செட் வேலைகளை வேண்டாம் என்று விட்டிருந்தார். ஒரு பக்கம் அவர் பிழைப்பு, ஒரு பக்கம் என் பெயர். நடுவில் ஒரு வெள்ளைத் தாள்.

"சார், மூணு பொட்டுல ஒண்ணு நான் வச்சது" என்றேன். "லெட்டர்ல என்னையும் சேர்த்து எழுதட்டுமா? மானிட்டர் பாத்துக்கினு ஒக்காந்திருந்தவங்க பேரெல்லாம் எழுதட்டுமா?"

மேஜைக்கு அடியில் மேனேஜர் என் காலை மிதித்தார். நான் நிறுத்தவில்லை.

"சிரிப்பாங்கன்னு சொல்றீங்க. அவங்க ராக்கெட்ல அவங்க கொடிய ஒட்டிக்கினு போறாங்க, நாம சிரிச்சமா? இந்த ஊர்லருந்து ஒரு பொண்ணு மேல போனா, வண்டிக்குப் பொட்டு வச்சிட்டுத்தான் போவா. நீங்க புதுக் கார் எடுத்தப்ப டயருக்கு எலுமிச்சம்பழம் வச்சீங்களா இல்லியா சார்?"

"வச்சோம். அது வேற."

"இன்னா சார் வேற?"

அதிகாரியிடம் 'இன்னா' என்று கேட்டது அன்றுதான். வாய் தவறி வரவில்லை, கேட்கத்தான் கேட்டேன்.

அதுவரை வாயே திறக்காத இயக்குநர், எடிட்டரிடம் கடைசிக் காட்சியைப் போடச் சொன்னார். அப்போதுதான் நாங்களும் பார்த்தோம். பட்டனை அமுக்கும்போது நடிகையின் விரலில் என் பொட்டின் ஓரம் ஒட்டியிருக்கிறது. நெற்றியைத் துடைத்ததும் அங்கே சிவப்பாய் ஒரு கோடு. அதோடு அவர் நிமிர்ந்து பார்க்கிற பார்வையை யாரும் சொல்லிக்கொடுத்து நடிக்க முடியாது.

"கம்ப்யூட்டர்ல அழிச்சா இதையும் அழிக்கணும். நான் அழிக்க மாட்டேன்" என்றார் இயக்குநர்.

"சரி, காட்சி இருக்கட்டும்" என்றார் அதிகாரி. "ஆனா யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கணும். லெட்டர் வரலைன்னா மேடம் பேர் வராது."

"வர வேணாம் சார். பொறுப்பு என்னுது. கார்பென்டர் மேல கை வைக்காதீங்க" என்றேன்.

கருங்குழி வரும்வரை பஸ்ஸில் அழுதேன். பயந்து அழவில்லை, ஆத்திரம். பதினோரு வருடம் காத்திருந்த பெயரை என் வாயாலேயே வேண்டாம் என்றுவிட்டு வந்திருந்தேன். அம்மாவிடம் சொன்னால், பெயர் போனது அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. "பொட்டா வச்ச நீ?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எபிசோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. அண்ணாத்த என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். லெட்டர் விஷயம் எதையும் அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை. காட்சி ஓடி, கலம் கிளம்பி, பெயர்கள் மேலே ஏறத் தொடங்கின. அவர் பெயர் வந்தது, அவர் மனைவி கைதட்டினார். பெயர்கள் முடிந்து விளம்பரம் வந்த பிறகும் அவர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் பேரு எங்க?"

மறைக்க முடியவில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். அவர் ரிமோட்டை எடுத்து, செட்-டாப் பெட்டியில் பதிவுசெய்திருந்த படத்தைப் பின்னால் ஓட்டி, பச்சை பட்டன் தெரியும் இடத்தில் நிறுத்தினார். பிறகு எழுந்துபோய் டிவி பக்கத்தில் நின்றுகொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. இது ரெண்டும் நான் வச்சது. இதோ கீது பாரு, இது தங்கச்சி வச்சது."

அவர் மனைவி கிட்டே வந்து பார்த்துவிட்டு, "கோணலா கீதே" என்றார்.

"அடுத்ததுல நேரா வைக்கிறேன்க்கா" என்றேன்.