நிலைக்குழு முன் முனிலட்சுமி

ஊத்தங்கரைப் பக்கத்து மானாவாரி நிலம் சோறு போடாததால் ஓசூரை ஒட்டிய மத்திகிரிக்கு வாடகை வீடு தேடி வந்தவள் முனிலட்சுமி. வந்த நாள் முதல் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். கணவன் சிவராஜ், வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி விமானம் ஏறினான். கொண்டுபோய் அடைத்ததோ முள்வேலிக்குள். முன்பின் தெரியாதவர்களிடம் போனில் பேசி ஏமாற்ற வேண்டும், மறுத்தால் அடி.

அந்த நாட்டிலிருக்கும் நம் இந்தியத் தூதரகத்துக்குப் போன் போட்டுப் போட்டு அவள் அலுத்துப்போனாள். எடுத்தால், "பார்க்கிறோம்" என்பார்கள். பார்த்த பாடாக இல்லை.

இந்த நேரத்தில்தான் நாடாளுமன்றத்தின் வெளியுறவு நிலைக்குழு ஓசூருக்கு வந்தது. வெளிநாட்டில் சிக்கியவர்களின் குடும்பங்களை நேரில் கேட்கப் போகிறார்களாம். டெல்லியே வீடு தேடி வந்ததுபோல இருந்தது அவளுக்கு. சாந்த் பாஷாவும் உடன் வந்தான். அவன் தம்பியும் அதே முள்வேலிக்குள் கிடந்தான். "நீ முதல்ல பேசுக்கா. பொம்பள அழுதா கேப்பாங்க" என்றான் அவன்.

ஓட்டல் கூடத்தில் ஏசி ஜிலுஜிலுத்தது. நீள மேஜை, தண்ணீர் பாட்டில்கள், கழுத்தில் அட்டை மாட்டிய அதிகாரிகள். நடுவில் இருந்த உறுப்பினர் இந்தியில் கேட்டதை ஓர் அதிகாரி தமிழில் சொன்னார்.

"தூதரகத்துல உங்களுக்கு உதவி பண்றாங்களா? ஏதாவது குறை இருக்காம்மா?"

முனிலட்சுமி எழுந்தாள். கைகள் தாமாக முன்னால் கட்டிக்கொண்டன.

"குறை ஒண்ணும் இல்லீங்க சார். எல்லாம் நல்லா பாத்துக்கறாங்க."

சாந்த் பாஷா வாய் பிளந்து பார்த்தான். அவளை என்ன சொல்ல? சட்டை வாங்கும் வெளிநாட்டு பையர்கள் கம்பெனியைச் சோதிக்க ஆடிட் வரும்போதெல்லாம் அதற்கு முன்தினமே சூப்பர்வைசர் வரிசையாக நிற்கவைத்து இந்தப் பதிலைத்தான் உருப்போட வைப்பான். தப்பாகச் சொன்ன ஒருத்தி மறுநாள் வேலைக்கு வரவில்லை. இத்தனை வருஷமாக, கோட்டுப் போட்டவர் கேட்டால் அவளுக்கு வேறு பதில் வந்ததில்லை. அந்தக் கம்பெனி நாசமாய்ப் போக.

உறுப்பினர் முகம் மலர்ந்து தலையாட்டினார். சுருக்கெழுத்தாளர் எழுதிக்கொண்டார். "சார், அது இல்லீங்க..." என்று அவள் பதறி ஆரம்பிப்பதற்குள் அதிகாரி கையமர்த்தினார். "சொன்னது பதிவாயிடுச்சு, உக்காருங்கம்மா." ஒரே இடத்து விஷயம் என்பதால் சாந்த் பாஷாவைத் தனியாகக் கேட்கவில்லை. அடுத்த குடும்பத்தை அழைத்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் அவன் கத்தவில்லை. "எங்கம்மாகிட்ட நான் என்னக்கா சொல்றது?" என்று மட்டும் கேட்டான். அவளுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவராஜிடமிருந்து போன் வந்தது. அபூர்வமாகத்தான் பேச விடுவார்கள். குழு வரப்போவதைப் போன தடவை பேசியபோதே அவள் சொல்லியிருந்தாள்.

"பெரியவங்கள பாத்தியா லட்சுமி? இங்க எங்கள பண்றதெல்லாம் சொன்னியா?"

"சொன்னேன்" என்றாள். "எல்லாத்தையும் எழுதிக்கினாங்க."

அவன் போனைக் கையில் பிடித்தபடியே அறையிலிருந்த மற்றவர்களிடம் விஷயத்தைச் சொல்வது கேட்டது. யாரோ ஒருவன், சாந்த் பாஷாவின் தம்பியாகத்தான் இருக்க வேண்டும், சந்தோஷத்தில் விசும்பி அழுதான்.