அஷ்டமியில் அரைத்த பருப்புப் பொடி

போன வருஷம் ஆடிக் கிருத்திகை அன்று, திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கடையில் நடந்தது இது. நான் ரெண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். அதனால் நான் சொல்லச் சொல்ல என் மருமகள்தான் எழுதுகிறாள். நடுவில் எங்காவது மருமகளைப் பற்றி ரொம்ப நல்லவிதமாக வந்தால், அது நான் சொன்னதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருப்பது கே.ஜி.கண்டிகை. மருமகள் முன்பு ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். பேத்தி எழுந்திருப்பதற்குள் போய்விடுவாள், பேத்தி தூங்கிய பிறகு வருவாள். குழந்தைக்கு அம்மா என்றால் ஞாயிற்றுக்கிழமை வருகிற விருந்தாளி.

அது தாங்காமல்தான் வேலையை விட்டாள். முறையாகப் பதிவு பண்ணி, வீட்டிலேயே பருப்புப் பொடி அரைத்து பாக்கெட் போட ஆரம்பித்தாள். மலையடிவாரத்தில் பெரிய கடை வைத்திருக்கிற ஒருவர், கிருத்திகைக் கூட்டத்துக்குக் கொஞ்சம் கொடுத்துப் பார், நன்றாகப் போனால் மாதாமாதம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். அவர் எடுத்தால் பிழைத்தோம். இல்லையென்றால் மறுபடி அந்த பஸ்தான். திரும்ப வேலைக்கு வருகிறாயா என்று கம்பெனியிலிருந்து போன் வேறு வந்திருந்தது.

வீட்டில் என் வேலை தேதி போடுவது. சின்னச் சக்கரங்களைத் திருகி நாள், மாதம், வருஷம் வைக்கிற ரப்பர் முத்திரை ஒன்று உண்டு. அதை மையில் ஒற்றி, லேபிளில் ‘பேக் செய்த தேதி’ என்ற இடத்தில் குத்த வேண்டும். அந்தத் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்று அதற்குக் கீழே அச்சடித்திருக்கும். தாலுகா ஆபீஸில் பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி டக் டக்கென்று குத்துவேன்.

கிருத்திகைக்கு முதல் நாள் பொடி அரைத்து முடித்து முத்திரையைக் கையில் எடுத்தேன். மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அத்த, இன்னிக்கி அஷ்டமி.”

“இருந்துட்டுப் போவட்டும். பொடி வந்து நம்மளக் கேக்கப் போவுதா?”

“மொத ஆர்டருங்க. அஷ்டமி தேதியோட போனா வெளங்குமா? நாளைக்கி நவமி. நாளான்னிக்கி தசமி, அந்தத் தேதியப் போட்ருங்க.”

“நாளான்னிக்கி அரைக்கிற பொடிய இன்னிக்கே அரைச்சிட்டியா? பலே கெட்டிக்காரிடி நீ.”

வாய்தான் கிண்டல் பண்ணியது. கை சக்கரத்தைத் திருகிவிட்டது. அவள் முகத்தில் அத்தனை பயம்.

மறுநாள் என் மகன் எங்களை ஆட்டோவில் கூட்டிப்போனான். கூட்டத்தில் ஆட்டோ பாதியோடு நின்றுவிட, பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு காவடிகளுக்கு நடுவே நடந்தோம். ராகு காலத்துக்கு முன்னால் சரக்கு கடைக்குள் வந்துவிட வேண்டும் என்பது கடைக்காரர் கட்டளை. பெரிய மீசை, வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், இரண்டிலும் அதட்டல்தான். ஆனாலும் எங்கள் பாக்கெட்டுகளை முன் தட்டிலேயே அடுக்கினார். மருமகள் என் இடுப்பில் கிள்ளினாள். சந்தோஷமாம்.

அப்போது மஞ்சள் சேலை கட்டிய ஒரு அம்மா வந்தாள். புதுசாக மொட்டை அடித்து, தலை நிறையச் சந்தனம். ஒரு பாக்கெட்டை எடுத்து, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள். படித்துவிட்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள் பாருங்கள், ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“நைனா, இந்தப் பொடி இன்னும் அரைக்கவே இல்லியே! நாளைக்கித் தேதி போட்டுகீது. அவங்க அரைக்கிற வரைக்கும் நான் இங்கியே காத்துகினு இருக்கணுமா?”

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். வேறு யார் வீட்டுப் பொடியாக இருந்தாலும் நான் அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்திருப்பேன்.

கடைக்காரர் பாக்கெட்டைப் பிடுங்கிப் பார்த்தார். “இன்னாமா இது? இஷ்டத்துக்குத் தேதி போடுவியா? சாப்புடுற பொருள்மா!”

“நேத்து அஷ்டமிங்க... மொத ஆர்டருன்னு... ரெண்டு நாள்ல ஒண்ணும் கெட்டுடாதுங்க.” தலையைக் குனிந்துகொண்டு மருமகள் சொன்னாள்.

“இன்னிக்கி ரெண்டு நாளு தள்ளுவ, நாளைக்கி ரெண்டு மாசம் தள்ளுவ. ஆபீசர் வந்து பாத்தா சீலு என் கடைக்கி. எடுத்துகினு போயிடு. இனிமே இந்தப் பக்கம் வராத.”

அவர் சொன்னதில் தப்பே இல்லை. மருமகள் பாக்கெட்டுகளை எடுத்துப் பெட்டிக்குள் போட ஆரம்பித்தாள். அவள் காதில் அந்த பஸ்ஸின் ஹாரன் கேட்டிருக்கும், எனக்கே கேட்டது. எதற்கெடுத்தாலும் ஒரு நக்கல் வைத்திருக்கிற என் வாயில் அன்று ஒன்றுமில்லை.

மொட்டைத் தலை அம்மாவின் சிரிப்பும் நின்றுவிட்டது. பிறகு குனிந்து, மருமகள் உள்ளே போட்ட பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி முன் தட்டிலேயே வைத்தாள்.

“நைனா, நான் தமாசுக்குச் சொன்னேன். நீ பொழப்பயே முடிச்சுடுவ போலக்கீதே.”

“தேதி பொய்யிம்மா.”

“ஆங், பொய்யிதான். மாத்தட்டும். பழச எடுத்துப் புதுத் தேதி போட்டா விக்குது? புதுப் பொடிய வெச்சிகினு நாளுக்குப் பயந்துகீது, பாவம்.” சொல்லிக்கொண்டே அவர் தலைக்குப் பின்னால் தொங்கிய காலண்டரைப் பார்த்தாள். அதில் ராகு காலத்தைச் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. “இந்தச் சரக்க எப்ப கொணாரச் சொன்ன?”

எனக்கு வாய் திரும்பி வந்துவிட்டது. “ராகு காலத்துக்கு முன்னாடி வரச் சொன்னாரும்மா. லேட்டானா தெருவுலியே நில்லுன்னாரு.”

“பாத்தியா? நீ ராகு காலம் பாத்து வாங்குவ, அது அஷ்டமி பாத்துத் தேதி போட்டா மட்டும் வெரட்டுவியா?”

மீசை லேசாக ஆடியது. சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. ஆனால் பேச்சில் இறங்கி வரவில்லை. “நான் நேரம் பாக்குறது என்னோட போவும். பாக்கெட்ல போடுற தேதி, வாங்கிச் சாப்புடுறவங்க நம்புறது. அரைச்ச நாளப் போட்டுக் குடுக்கட்டும், வெக்கிறேன். அதுவரைக்கும் ஒண்ணும் வெளிய போவாது.”

மகன் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புது லேபிளும் முத்திரையும் கொண்டுவந்தான். கடைக்குப் பின்பக்கம் அரிசி மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். யாரும் கூப்பிடாமலே அந்த அம்மாவும் வந்து உட்கார்ந்து, நகத்தால் பழைய லேபிளை உரிக்க ஆரம்பித்தாள். அவள் வீட்டு ஆட்கள் வந்து, ரயிலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். நீங்கள் முன்னால் போங்கள், நான் அடுத்த வண்டியில் வருகிறேன் என்று அனுப்பிவிட்டாள்.

நான் சக்கரத்தைப் பின்னால் திருகி அஷ்டமி தேதியை வைத்தேன். முதல் லேபிளில் குத்தும்போது மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா தன் தலையைத் தட்டிக் காட்டினாள்.

“இன்னிக்கி நவமிதான். எனக்கு மொட்ட அடிச்சாங்க. முடி மொளைக்காமயே போயிடுமா?”

மருமகள் அப்போதுதான் சிரித்தாள். மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் கடைக்காரர் எட்டிப் பார்த்து, கடையா சினிமாக் கொட்டகையா என்று அதட்டினார். எதற்கு வேண்டுதல் என்று அவளைக் கேட்டேன். மகளுக்கு உடம்பு தேறியது என்றாள்.

கிளம்பும்போது, “அந்த அஷ்டமிப் பொடியில ஒண்ணு குடுங்க, சாப்புட்டுப் பாக்குறேன்” என்று கேட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் கலந்துவிட்டாள். பேரும் தெரியாது, ஊரும் தெரியாது.

அந்தக் கடைக்காரர் இன்றைக்கும் எங்கள் பொடியை எடுக்கிறார். தேதியைப் பார்த்துவிட்டு, “அரைச்சாச்சா, இல்ல நாளைக்கித்தானா?” என்று கேட்காமல் ஒரு பெட்டியையும் வாங்கியதில்லை. கம்பெனி பஸ் எங்கள் வீட்டைத் தாண்டிப் போகிறது, நிற்பதில்லை. நல்ல நாளோ கெட்ட நாளோ, அரைத்த நாள் எதுவோ அதைத்தான் குத்துகிறேன். அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சிரித்த பிறகு, ரயிலை விட்டுவிட்டு அவர்கள் பக்கத்தில் மூட்டைமேல் உட்காருவதை அந்த அம்மாவிடம் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அந்தக் ‘கொஞ்சம்’ மருமகள் தானாகச் சேர்த்தது, ஆனாலும் அதுதான் உண்மை.