புகை கம்மி

பகல் பன்னிரண்டு ஆகிவிட்டால் மொஹ்சின் பாய் யாரையும் ஏற்றுவதில்லை. ரமணாசிரம வாசலில் நானே கை காட்டினாலும், “சாப்பாட்டு நேரம் சார்” என்று சிரித்தபடி போய்விடுவார். சாப்பாடு அவருக்கல்ல, ஆட்டோவுக்கு.

செங்கம் சாலையை ஒட்டிய சந்தில் வீடு. மின்சார ஆட்டோவைச் சுவரோரம் நிறுத்தி, சார்ஜர் வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு வானத்தைப் பார்ப்பார். “இப்பதான் சார் வெயில் கரண்ட் ஜாஸ்தி. ராத்திரில போட்டா பெரும்பாலும் நிலக்கரி.”

முன்பு அவரிடம் இருந்தது டீசல் ஆட்டோ. மனைவி பிர்தௌஸுக்கு வீசிங் தொல்லை. வண்டி சந்துக்குள் திரும்பும் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார். அதைச் சகிக்காமல்தான் போன வருடம் பாய் வண்டியை மாற்றினார். புது வண்டியின் முதுகில் ‘புகையே இல்லாத வண்டி’ என்று மஞ்சள் பெயிண்டில் தன் கையாலேயே எழுதினார்.

அந்தப் பெருமை இரண்டு மாதம் நீடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, தினமும் அவர் ஆட்டோவில் பள்ளிக்குப் போகும் இயற்பியல் ஆசிரியை கீதாஞ்சலி, ஒருநாள் அதைப் படித்துவிட்டுச் சொன்னார்: “புகை இருக்கு பாய். வேற ஊர்ல வருது, அவ்வளவுதான்.”

பாய் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். “எந்த ஊர்ல டீச்சர்?”

அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பற்றி ஆசிரியை விளக்கினார். அன்று பாய்க்குச் சோறு இறங்கவில்லை. “அங்கயும் ஒருத்தி ஜன்னலச் சாத்துவா இல்ல?” என்று என்னிடம் கேட்டார்.

பிறகு ஒரு மாதம் ஏறியவர்களை எல்லாம் விசாரித்துத் தள்ளினார். ஒரு ஜெர்மன்காரரிடம் கைபேசி மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு அணு உலைக் கழிவைப் பற்றிப் பேசியதில், இறங்க வேண்டிய விடுதியை இருவருமே தாண்டிப் போனார்கள். சேகரித்ததை எனக்கு ஒப்பித்தார். “அணை கட்டினா காடு முங்குது. காத்தாடி நல்லதுதான், ஆனா ஆடியில சுத்தறது மாசியில சுத்தாது. சோலார்ல புகை இல்ல, தகடு பழசானா எங்க கொட்றதுனு கேட்டா முழிக்கறாங்க. என் பேட்டரிக்கே எங்கயோ மலையைத் தோண்டிக்கினு இருக்காங்க சார்.”

கடைசியில் கீதாஞ்சலிதான் கணக்குப் போட்டுக் கொடுத்தார். நூறு கிலோமீட்டர் ஓடினால் டீசல் ஆட்டோ சுமார் ஒன்பது கிலோ கரியமில வாயுவை விடும். முழுக்க நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் இந்த வண்டிக்கு ஏழு கிலோவைத் தாண்டாது. வெயில் நேரத்தில் சார்ஜ் போட்டால் இன்னும் குறையும்.

மறுநாளே பழைய எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு ‘புகை கம்மி’ என்று எழுதினார். மத்தியானச் சவாரிகளை விட்டதும் அன்றிலிருந்துதான். அதை ஈடுகட்ட விடியற்காலையிலேயே பஸ் நிலையத்துக்குப் போய்விடுகிறார்.

ஸ்டாண்டில் டீசல் ஆட்டோ ஓட்டும் காசி விழுந்து விழுந்து சிரித்தான். “கம்மினு எழுதினா எவன் ஏறுவான் பாய்? ஊர்ல அவனவன் இல்லாததயே எழுதறான்.”

“இருக்கறதத்தான் எழுதியிருக்கேன், போ” என்றார் பாய்.

போன வாரம் ஒரு சாயங்காலம் அதே காசி ஸ்டாண்டில் பாயின் வண்டியை இரண்டு சுற்று சுற்றி வந்தான். அவனுடைய இன்ஜினுக்குப் பெரிய வேலை வந்திருந்தது. “உண்மையச் சொல்லு பாய். நானும் மாத்திடவா?”

பாய் புகழப்போகிறார் என்றுதான் பக்கத்தில் நின்ற நான் நினைத்தேன். அவரோ குறைகளிலிருந்து ஆரம்பித்தார். சார்ஜ் ஏறும்வரை காத்துக் கிடக்க வேண்டும். தூரத்துச் சவாரி வந்தால் யோசிக்க வேண்டும். பேட்டரி போனால் பெரிய செலவு. புகையும் ஒரேயடியாகப் போய்விடாது. சொல்லச் சொல்ல, காசியின் முகம் தொங்கிப்போனது.

“அப்ப வேணான்றியா?”

பாய் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துக் காசியின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு சவாரி வந்தவரைப் போலப் பின்சீட்டில் ஏறி, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.