யோகன் அண்ணையும் ஸ்தாவ்ரோஸின் ஊரும்

யோகன் அண்ணை இறந்த செய்தியை எனக்குத் தமிழில் சொன்னவர் ஒரு கிரேக்கர். ரொறன்ரோவின் ஸ்டீல்ஸ் வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது தொலைபேசியில் ஸ்தாவ்ரோஸ் வந்தார். "தங்கச்சி, அண்ணை போயிட்டார்" என்றார். அதோடு அவருடைய தமிழ் முடிந்துவிட்டது.

டான்ஃபோர்த்தில் ஸ்தாவ்ரோஸ் நடத்தும் உணவகத்தின் சமையலறையில் அண்ணை இருபத்தாறு வருடம் நின்றார். நான் ஒன்பது வருடம் அங்கே சலாட் வெட்டினேன். இதை வாசிப்பவர்களில் எங்களோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய முதல்நாள் கதை தெரியும். வருடத்துக்கு நாலு தரமாவது சொல்லுவார். அன்று ஸ்தாவ்ரோஸ் அவரைப் பார்த்து "இந்தா?" என்று கத்தினாராம். ஏதோ தரப்போகிறார் என்று அண்ணை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். ஸ்தாவ்ரோஸ் பிறந்த கிரீட் தீவின் பேச்சில் 'இந்தா' என்றால் 'என்ன' என்று அர்த்தம். கையை நீட்டிய அந்த நிமிடத்திலேயே தன் கிரேக்கப் படிப்புத் தொடங்கியது என்பார் அண்ணை. புத்தகம் இல்லை, வகுப்பு இல்லை. ஸ்தாவ்ரோஸின் வாயிலிருந்து விழுந்ததெல்லாம், ஏச்சு உட்பட, அண்ணையின் வாய்க்கு வந்து சேர்ந்தது.

அவர் ஓய்வுபெற்ற கோடையில் பிள்ளைகள் அவரையும் மனைவி விமலா அக்காவையும் கிரீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கா என்னையும் இழுத்தார். "நீயும் வா. இவரோட தனியப் போனா ஹோட்டல் குசினிக்குள்ளதான் நிப்பார்."

ஸ்தாவ்ரோஸ் ஒன்றே ஒன்று சொல்லியனுப்பினார். கடற்கரையோடு நில்லுங்கள், மேலே மலையில் இருக்கும் என் ஊருக்குப் போகாதீர்கள். தாய் இறந்தபோது அவர் ஊருக்குப் போகவில்லை. உணவகத்தைப் பெருப்பித்துத் திறந்த வாரம் அது. ஊரில் காப்பிக்கடை வைத்திருந்த தம்பி மனோலிஸ் அதன்பிறகு அவரோடு பேசவில்லை. பதினாலு வருடம்.

கடற்கரை அழகுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால்விரல்கள் தெரியும். அண்ணை அங்கே ஒரு நாள் இருந்தார். இரண்டாம் நாள் பின்னேரம் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, "மேல ஒருக்காப் போட்டு வருவம்" என்றார்.

"போகவேண்டாம் எண்டெல்லே அந்த மனுசன் சொன்னது?" என்றார் அக்கா.

"ஓம், சொன்னவர்தான். சொல்லேக்க அவரின்ர முகத்தை நீர் பாக்கேல்ல."

பஸ் எங்களை மலைச்சரிவில் இறக்கிவிட்டது. வெள்ளையடித்த வீடுகள். படிகளாகவே ஏறும் ஒழுங்கை. வாசலுக்கு வாசல் எண்ணெய்த் தகரங்களில் துளசிபோல ஒரு செடி. அக்கா ஓர் இலையைக் கிள்ளி மணந்து, "எங்கடதுக்கு ஒண்டுவிட்ட சொந்தம்" என்றார். காப்பிக்கடையில் நாலு வயோதிபர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மனோலிஸ் வந்து, என்ன வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். ஸ்தாவ்ரோஸின் மூக்கு அப்படியே இருந்தது.

"இந்தா கானிஸ், மனோலி?" என்றார் அண்ணை. எப்படி இருக்கிறாய் என்று அர்த்தம்.

சீட்டாட்டம் நின்றது. மனோலிஸ் ஏதோ கேட்க, அண்ணை கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னார். நடுவில், உருளைக்கிழங்கு கருகினால் ஸ்தாவ்ரோஸ் ஏசும் ஏச்சும் வந்தது. அது எனக்கே விளங்கியது. வயோதிபர்கள் மேசையில் அடித்துச் சிரித்தார்கள். மனோலிஸ் சிரிக்கவில்லை. கதிரையை இழுத்து உட்கார்ந்து, "இவர் என் அண்ணனின் வாயால் பேசுகிறார்" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார்.

அண்ணை உடனே கைத்தொலைபேசியை எடுத்தார். ரொறன்ரோவில் அப்போது காலை பத்து மணி. ஸ்தாவ்ரோஸின் குரல் கேட்டதும் அதை மனோலிஸிடம் நீட்டினார். அவசரத்தில் அவருக்குத் தமிழ்தான் வந்தது.

"இந்தா!"

அந்தப் பக்கத்திலிருந்து "இந்தா?" என்று ஸ்தாவ்ரோஸ் திருப்பிக் கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மனோலிஸ் தொலைபேசியை வாங்கினார். அதை இரண்டு கையாலும் காதோடு சேர்த்துப் பிடித்தார். பிறகு அண்ணனின் பெயரைச் சொன்னார்.

ஒரு மணித்தியாலம் கதைத்தார்கள். ஏசினார்கள், அழுதார்கள், மறுபடி ஏசினார்கள். அண்ணை கடையின் குசினிக்குள் போய் எல்லோருக்கும் காப்பி போட்டுக்கொண்டு வந்தார். "நான் சொன்னனெல்லே?" என்றார் அக்கா.

அந்த வருடம் ஒலிவ் பறிக்கும் காலத்தில் ஸ்தாவ்ரோஸ் ஊருக்குப் போனார். போனமாதம் அண்ணையின் இறுதிக்கிரியைக்கு மனோலிஸ் வந்திருந்தார். அண்ணனும் தம்பியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் புதிதாக வேலைக்கு வந்தபோது ஆங்கிலம் பேசவே கூச்சப்படுவேன். "பிழையாக் கதை தங்கச்சி. அப்பதான் சனம் திருத்தக் கிட்ட வரும்" என்பார் அண்ணை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். மில்லிக்கனில் என் பக்கத்து வீட்டுச் சீனக்காரரோடு பதினொரு வருடமாகத் தலையாட்டல் மட்டும். போன கிழமை அவர் பாகல் கன்று நட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன். சொன்னார். நான் திருப்பிச் சொன்னது முழுப் பிழை. அவர் சிரித்தபடி கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு வேலியருகே வந்தார்.