அழுத்த அறையில் குறைந்த வலி

மதுரையில் அந்தத் தனியார் மருத்துவமனையின் தாழ்வாரத்தில், காலில் கட்டுப்போட்ட ஆண்கள் வரிசையாக அமர்ந்திருந்தனர். சர்க்கரை நோயால் ஆறாத புண் உடையவர்கள் அவர்கள். உயர் அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் அழுத்த அறைக்குக் காத்திருந்தவர்களில் பெண் நான் ஒருத்திதான். உங்களுக்கு எங்கே புண் என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் கையிலிருந்த கோப்பைத் திறந்து படிக்கத் தொடங்கினேன்.

எனக்கு இருந்தது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு, கருப்பைக்கு வெளியே படிந்து வளர்ந்து, அழற்சியையும் வலியையும் உண்டாக்கும் நோய்). கோவில்பட்டியில் பெண்கள் பள்ளியொன்றில் தலைமையாசிரியையாக இருந்த எனக்கு அப்பெயர் வெகுகாலம் தெரியாது. வயிற்றுவலி என்பது நம் பக்கத்தில் ஒரு பெண் வெளியே சொல்லும் செய்தி அன்று. முப்பதுகளின் இறுதியில் வலி பொறுக்க முடியாமல் போனபோது, பிள்ளைகள் இருவரைப் பெற்றாயிற்றே, இனி எதற்கு என்று கருப்பையை அகற்றினார்கள். உறவினர் பலருக்கும் அப்படித்தான் முடிந்திருந்தது. எனக்கு முடியவில்லை. சில மாதங்களில் வலி திரும்பியது. சினைப்பைகள் சுரக்கும் ஹார்மோன், வெளியே படிந்திருந்த திசுவுக்கு ஊட்டமளித்துக்கொண்டிருந்தது என்பதைப் பிறகே அறிந்தேன்.

மாத்திரைகள் பயனளிக்காத நிலையில், சினைப்பைகளையும் எடுத்துவிடலாம் என்றார் மதுரை மருத்துவர். நான் மறுத்தேன். ஓர் உறுப்பை வீணே இழந்தவள், மீதமிருப்பதையாவது காத்துக்கொள்ள விரும்பினேன். அவற்றை எடுத்தால் எலும்பு தேயும், முதுமை முந்திக்கொண்டு வரும் என்று அவரே சொல்லியிருந்தார்.

ஆக்சிஜன் சிகிச்சையைப் பற்றி எங்கோ படித்துவிட்டு அவரிடம் கேட்டது நான்தான். அவர் தயங்கினார்.

“அந்தத் திசு இருக்கிற இடத்துல ஆக்சிஜன் குறைவு. அதைக் கூட்டினா அழற்சி அடங்கலாம்னு ஒரு எண்ணம். ஆனா இது நிரூபணமான வைத்தியம் இல்ல மேடம். உங்களுக்காக ஒரு மாசம் பாப்போம். வலி குறைஞ்சா தொடரலாம், சினைப்பையைத் தொட வேண்டாம். குறையலைன்னா என் பேச்சைக் கேக்கணும்.”

ஒப்புக்கொண்டேன். என் சினைப்பைகள் அந்த ஒரு மாதத்தை நம்பி இருந்தன.

தூய ஆக்சிஜன் எளிதில் தீப்பற்றும் சூழலை உண்டாக்கும் என்பதால், தலையில் எண்ணெய் கூடாது, பருத்தி அல்லாத துணி கூடாது என்றார்கள். கரிசல் காட்டில் பருத்தி விளைந்தென்ன, என் அலமாரியில் கலப்பற்ற பருத்தி உடை ஒன்றும் இல்லை. புதியம்புத்தூரில் தையல் கூடம் நடத்தும் என் தங்கைதான் இரண்டு அங்கிகள் தைத்து எடுத்துவந்தாள். அழுத்த அறையை இயக்குபவர் என் ஊரைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“கோவில்பட்டியா? அப்போ தீப்பெட்டி இருக்கான்னு பையை ரெண்டு தடவ பாக்கணும்!”

“எங்க அக்கா பார்வை ஒண்ணு போதும், தீப்பெட்டி எதுக்கு? அதை எங்கன கழத்தி வைக்க?” என்றாள் தங்கை.

முதல் நாள் அறைக்குள் செல்லுமுன், வலியை அளக்கும் கேள்வி கேட்கப்பட்டது. தங்கை மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். கேட்க வந்த செவிலியைக் கண்டதும் அடையாளம் தெரிந்தது. கழுகுமலையிலிருந்து வந்து என்னிடம் படித்த பெண்.

“டீச்சர்! நீங்களா? பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க டீச்சர். பத்துன்னா தாங்கவே முடியாத வலி.”

இறைவணக்கத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்த மாணவிகளை நிமிர்ந்து நிற்கச் சொன்னவள் நான். அவளும் அப்படி நின்றிருப்பாள். அவள் முன்னே எட்டு என்றோ ஒன்பது என்றோ சொல்ல என் நா எழவில்லை.

“மூன்று” என்றேன்.

கண்ணாடிக் குழாய் போன்ற அறையில் படுத்து மூச்சுவிடுவதில் சிரமமில்லை. விமானம் இறங்கும்போது அடைப்பதுபோல் காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் விடும். நாள் செல்லச் செல்ல வலி உண்மையிலேயே தணிந்தது. நாற்காலியின் கையைப் பற்றாமல் எழுந்தேன். மாத இறுதியில் அதே செவிலி கேட்டாள். இம்முறை நான் சொன்ன மூன்று, மெய்யான மூன்று.

மருத்துவர் என்னையும் தங்கையையும் அமரவைத்தார். “ஆரம்பத்துலயும் மூணு, இப்பவும் மூணு. பலன் இல்ல மேடம். இதை வச்சு இழுத்தடிக்க வேண்டாம்.”

வெளியே வந்ததும் தங்கை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“என்னக்கா இது! பாத்ரூம் தரையில சுருண்டு கெடந்து முந்தானையக் கடிச்சியே, அதுக்கு மூணா? பத்து யாருக்கு வச்சிருக்க, செத்தவியளுக்கா? வா, நானே உள்ள போய்ச் சொல்லுதேன்.”

“வேண்டாம்” என்றேன். கதவருகே அந்தச் செவிலி நின்றிருந்தாள்.

மருத்துவரிடம் ஒப்புக்கொண்டபடியே அடுத்த மாதம் சினைப்பைகள் அகற்றப்பட்டன. வலி நின்றது. பின்னொரு பரிசோதனையில், ஆக்சிஜன் பற்றிக் கேட்கும் மற்ற நோயாளிகளிடம் என்னை உதாரணம் காட்டுவதாக மருத்துவர் சொன்னார்: ஒரு டீச்சருக்குச் செய்து பார்த்தேன், பலனில்லை. அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்ச நாள் பாத்திருப்பேன். அது ஆக்சிஜனாலதான் குறைஞ்சதா, தானா குறைஞ்சதான்னு இனி எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

இந்நோயுடன் இருப்பவர்களுக்கு அச்சிகிச்சையை நான் பரிந்துரைக்கவில்லை. அதற்கான தகுதி எனக்கில்லை. வலியைக் கேட்கும்போது உள்ளபடி சொல்லுங்கள் என்பது மட்டுமே என் வேண்டுகோள். கேட்பவர் யாராக இருந்தாலும்.

முன்பெல்லாம் என் மாதம், வலி வருமுன் என்றும் வந்தபின் என்றும் பிரிந்திருந்தது. இப்போது பிரிவே இல்லை. ஊதியம் வரும்போதுதான் மாதம் முடிந்தது தெரிகிறது. எதிர்பாராத வேளையில் கழுத்திலிருந்து சூடு ஏறி முகம் நனைகிறது. ஐம்பதை எட்டாத எனக்கு, என் தாயின் முழங்கால்கள் வந்துவிட்டன. வேலைக்கு நடுவே கை தானாகச் சென்று அடிவயிற்றில் அமர்கிறது. எதற்காக அங்கே போனது என்பது சற்று நேரம் கழித்தே நினைவுக்கு வருகிறது.