பட்டாபிராம் ஸ்டேஷனில் ஒரு கேள்வி

பட்டாபிராமில் அரக்கோணம் வண்டிக்குக் காத்திருக்கிறேன். காலை பத்து மணிக்கே சிமெண்ட் பெஞ்சு சுடுகிறது. கையிலிருக்கும் அட்டை டிக்கெட் வியர்வையில் ஊறிவிட்டது. பக்கத்தில் ஐம்பது வயதிருக்கும் பெண் ஒருவர். மடியில் பைபிளைத் திறந்து, ஒரு வரியின்மேல் விரலை ஊன்றிக் கண்மூடி உட்கார்ந்திருக்கிறார். அரைமணி நேரமாக அந்த விரல் நகரவில்லை.

அவர் கண் திறந்ததும், "எங்கம்மா போகணும்?" என்று கேட்கிறேன்.

"எங்கியும் இல்லம்மா. எம்புள்ள ஷிப்டுக்குப் போறப்போ இங்கதான் தண்டவாளத்தத் தாண்டுனான். வண்டி அடிச்சிடுச்சு. அஞ்சு மாசமாவுது. ஊட்ல வேதத்தத் தொறந்தா ஒண்ணும் உள்ள எறங்கல. அதான் இங்க வந்து, ஒரே வசனத்த வச்சிகினு சும்மா குந்திகினு கீறேன்."

"மனசுக்கு ஆறுதலா இருக்காம்மா?"

"ஆறுதலா? சபைல எல்லாரும் ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். அது வாய் சொன்னதும்மா. இன்னிக்குத்தான் உள்ளேருந்து வந்துச்சு. 'ஏன் எடுத்துக்கினீரு?'ன்னு ஆண்டவரக் கேட்டுட்டேன்."

"பதில் வந்ததா?"

"வர்ல." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைக்கிறார். "ஆனா, கேக்குறதுக்கு அவரு அங்க கீறாரும்மா. இத்தினி நாளா அதுகூடத் தெரில."